மாம்பலம் வரைக்கும் ஒரு சிலிண்டர்

கல்யாணமான நான்காவது வருஷம் என் வீட்டுக்காரர் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். வாங்கினார் என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. சீமைக்குத் திரும்பிப் போகிற ஒரு துரை, கப்பலில் ஏற்ற முடியாத சாமான்களையெல்லாம் பங்களாத் தோட்டத்தில் பரப்பி ஏலம் விட்டான். மற்றவர்கள் நாற்காலி, மேஜை, பீங்கான் தட்டு என்று உருப்படியாக எதையோ எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் யாருக்கும் வேண்டாமல் மாமரத்தடியில் நின்றதை இவர் ஓட்டிக்கொண்டு வந்தார். ஓட்டிக்கொண்டு வந்தார் என்பதும் மரியாதைக்காகத்தான். அன்றைக்கு அதைத் தள்ளிக்கொண்டுதான் வந்தார்.

முப்பதுகளின் தொடக்கம் அது. மயிலாப்பூரில் எங்கள் தெருவில் வக்கீல்கள் அதிகம், கட்சிக்காரர்கள் குறைவு. இவரும் வக்கீல். கையில் வழக்கு இல்லாத வக்கீல் ஹைகோர்ட்டுக்குப் போய்வர டிராம் வண்டியே தாராளம். ஆனால் டிராமில் போனால் வழக்கு இல்லை என்பது ஊருக்கே தெரிந்துவிடும், மோட்டார் சைக்கிளில் போனால் வழக்கு இருப்பதுபோல ஒரு தோற்றமாவது கிடைக்கும் என்பது இவருடைய வாதம். கோர்ட்டில் சொல்ல வாய்ப்புக் கிடைக்காத வாதங்களையெல்லாம் என்னிடம்தான் சொல்வார். நான் எப்போதும் இவர் பக்கமே தீர்ப்புச் சொல்லிவிடுவேன். அடுப்பில் குழம்பு இருக்கும்போது மேல்முறையீட்டுக்கு யாருக்கு நேரம்?

அந்த வண்டியின் எஞ்சினுக்கு இரண்டு சிலிண்டர். ஒன்று முன்பக்கம் சாய்ந்திருக்கும், மற்றது பின்பக்கம் சாய்ந்திருக்கும். சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட ஓரகத்திகள் மாதிரி. ஆனாலும் இரண்டும் மாறி மாறி வெடித்தால்தான் வண்டிக்குப் பலம். இடப்பக்கத்தில் படகு போல ஒரு சைடுகார் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான் என் ஸ்தானம். நான் முதல் தடவை அதில் ஏறி உட்கார்ந்தபோது எதிர் வீட்டு மாமி வாசலுக்கு வந்து, “தொட்டில்ல போட்டு அழைச்சுண்டு போறாரா?” என்று கேட்டாள். அவளுடைய வீட்டுக்காரர் அவளை எதிலும் எங்கேயும் அழைத்துப் போனதில்லை என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் சில மாதங்கள் வண்டி ஒழுங்காக ஓடியது. ஒழுங்காக ஓடும் எதையும் இவரால் சும்மா விட முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எஞ்சினிலிருந்து வரும் டிக்டிக் சத்தம் தமக்குப் பிடிக்கவில்லை என்று கண்டுபிடித்தார். தையல் மிஷின் போடுகிற மாதிரி மெல்லிய சத்தம்தான். துரை அதைக் கேட்டுக்கொண்டே பத்து வருஷம் ஓட்டியிருக்கிறான், அவனுக்கு உறுத்தவில்லை. இவருக்கு உறுத்தியது. ஸ்பானரும் கையுமாக முற்றத்தில் உட்கார்ந்து, காபி இரண்டு தடவை ஆறிப்போகும் வரை எதையெதையோ திருகினார். பிறகு எஞ்சினைக் கிளப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“கேட்டியா?”

“ஒண்ணும் கேக்கலையே.”

“அதான்!” என்றார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

அடுத்த வாரத்திலிருந்து வண்டி படுத்தத் தொடங்கியது. காலையில் உதைத்தால் உடனே கிளம்பும். தெருமுனைவரை ராஜா மாதிரி போகும். லஸ் முனையைத் தாண்டினதும் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் பலம் குறைந்துவிடும். சத்தமும் மாறிவிடும். மாறி மாறி வெடிக்கிற சத்தம் போய், நொண்டி ஒருத்தன் மரக்காலோடு மாடிப்படி ஏறுகிற மாதிரி ‘டொக்... டொக்...’ என்று வரும். சைக்கிளில் போகிற பள்ளிக்கூட வாத்தியார்கள் எங்களைக் கடந்துபோவார்கள். சிலர் பெருந்தன்மையாகக் கும்பிடு வேறு போடுவார்கள். வண்டியை நிறுத்திக் கொஞ்சம் காத்திருந்தால் தானே சரியாகிவிடும். மறுபடி அரை மைல் போவதற்குள் பழைய கதைதான்.

முதலில் பெட்ரோல்மேல் சந்தேகம் விழுந்தது. பங்க் ஆள் தண்ணீர் கலந்துவிட்டான் என்றார் இவர். வீட்டுப் பால்காரனைப் பார்த்துப் பார்த்து வந்த ஞானம். கார்புரேட்டரைக் கழற்றி, என் பித்தளைக் கிண்ணத்தில் பெட்ரோலை ஊற்றி, அதில் முக்கி முக்கிக் கழுவினார். பக்தியோடு சாளக்கிராமத்துக்கு அபிஷேகம் செய்கிற மாதிரி இருந்தது. வண்டியில் ஒரு மாறுதலும் இல்லை. கிண்ணத்தில்தான் மாறுதல். எத்தனை புளி போட்டுத் தேய்த்தும் அதன் வாசனை போகவில்லை. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுப் பச்சடியைத் தீக்குச்சிக்குப் பக்கத்தில் வைக்க எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்தது எதிர் வீட்டு மாமியின் கட்சி. லஸ் முனையில் ஒரு புளியமரம் இருந்ததாம், அதை வெட்டினவன் ரத்தம் கக்கினானாம், அதனால்தான் வண்டி அங்கே நிற்கிறதாம். பிள்ளையாருக்கு ஒரு சிதறுகாய் போட்டால் போதும் என்றாள். இவர் பகுத்தறிவுக்காரர். அதெல்லாம் மூடநம்பிக்கை என்று அரைமணி நேரம் பேசினார். மறுநாள் காலையில் கோர்ட்டுக்குக் கிளம்பும்போது சைடுகாரில் ஒரு தேங்காய் இருந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை சாந்தோம் பக்கம் கடற்கரைக்குப் போனோம். அந்த வழியில் லஸ் முனை இல்லை, புளியமரமும் இல்லை. கிட்டத்தட்ட அதே தூரம் போனதும் வண்டி அதே மாதிரி நொண்டியது. பிசாசு இடம் மாறிவிட்டது என்று மாமி சொன்னாள். எனக்கு மட்டும் ஒன்று தோன்றியது. இடத்தில் ஒன்றும் இல்லை, தூரத்தில்தான் ஏதோ இருக்கிறது. சொன்னேன். “உனக்கு இதெல்லாம் புரியாது” என்றார். நியாயம்தான். கிண்ணத்தைப் பறிகொடுத்ததைத் தவிர எனக்கு இந்தத் துறையில் அனுபவம் ஏது?

கடைசியில் மவுண்ட் ரோடுப் பக்கம் ஒரு பட்டறையில் விட்டார். காலையில் விட்டுவிட்டு டிராமில் கோர்ட்டுக்குப் போனார். பட்டறைக்காரன் மற்ற வேலையெல்லாம் முடித்துச் சாயங்காலம்தான் இதைத் தொட்டிருக்கிறான். அதற்குள் எஞ்சின் கல் மாதிரி குளிர்ந்திருக்கும். ஒரே உதையில் கிளம்பியிருக்கிறது. இவர் போய் நின்றதும், “ஒண்ணும் இல்ல சார், ஜோராத்தான் கீது. நீங்க இன்னாத்துக்கு பேஜார் பண்ணிக்கினு கீறீங்க?” என்றானாம். இவர் சந்தோஷமாக ஏறி உட்கார்ந்து வந்தார். ராயப்பேட்டையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார்.

இந்த நிலைமையில்தான் என் நாத்தனாரின் கிரகப்பிரவேசம் வந்தது.

நாத்தனார் என்றால் இவருடைய அக்கா. மாம்பலத்துக்குக் கிழக்கே ஏரிக்கரைப் பக்கம் புதிதாகத் தெருக்கள் போட்டு, தியாகராய நகர் என்று பெயர் வைத்து மனை விற்றுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பழக்கதோஷத்தில் மாம்பலம் என்றே சொல்வோம். அங்கே அவர்கள் ஒரு மாடி வீடு கட்டியிருந்தார்கள். விடியற்காலை முகூர்த்தம். பிறந்த வீட்டிலிருந்து வருகிற வெண்கலப் பானையில்தான் பால் பொங்க வேண்டும் என்று நாத்தனாருக்குப் பிடிவாதம். பிறந்த வீடு என்றால் இவர். பானையை முந்தின நாளே ஆள் மூலம் அனுப்பிவிடலாம் என்றேன். “எதுக்கு? வண்டி இருக்கே” என்றார். வண்டி இருந்தது. அதனால்தான் நானும் அப்படிச் சொன்னேன்.

நான் மடிசார் கட்டிக்கொண்டு, மடியில் பானையும் கையில் ஒரு கூஜா தண்ணீருமாகச் சைடுகாரில் உட்கார்ந்தேன். கிழக்கு வெளுக்கும் நேரம். வண்டி கிளம்பியது. லஸ் முனையைத் தாண்டினோம், ஒன்றும் ஆகவில்லை. இவர் என் பக்கம் திரும்பி வெற்றியோடு தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் முடிவதற்குள் ‘டொக்’ என்றது.

தேனாம்பேட்டைத் தோட்டங்களுக்கு நடுவே, கல்வெர்ட் என்கிற ஒரு சின்னப் பாலத்தின் பக்கத்தில் வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு சுத்தமாக நின்றுவிட்டது. சுற்றிலும் தென்னையும் வாழையும் காக்கைகளும். எதிரே ஒரு ஜட்கா வந்தது. வண்டிக்காரன் குதிரையை இழுத்துப் பிடித்து, எங்களை மேலும் கீழும் பார்த்தான்.

“இன்னா சாமி, படுத்துக்கிச்சா?”

“கொஞ்சம் சூடாயிருக்கு. போயிடும்” என்றார் இவர்.

“அம்மா, நீ வந்து ஏறிக்கம்மா. நம்ம குதிரை சூடானா தண்ணி குடிக்கும், புல்லு துன்னும், அப்பால கெளம்பிடும். அதுக்கு ஸ்பானர்லாம் வாணாம்.”

நான் இவரைப் பார்த்தேன். ஜட்காவில் ஏறினால் முகூர்த்தத்துக்குப் போய்விடலாம். ஆனால் இவர் கண்ணில் ஒரு கெஞ்சல் தெரிந்தது. அக்கா வீட்டு வாசலில் பெண்டாட்டி ஜட்காவில் வந்து இறங்க, இவர் பின்னாலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிற காட்சி இவர் மனத்தில் ஓடியிருக்க வேண்டும். நான் ஏறவில்லை. ஜட்காக்காரன் “உன் தலையெழுத்தும்மா” என்று சொல்லிவிட்டுப் போனான். எதையும் பிரித்துப் பார்க்காமலே சொன்னான், சரியாகத்தான் சொன்னான்.

சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. வண்டி நன்றாக ஓடும்போது என் வலது கைப்பக்கம் இரண்டு அடுப்பு எரிகிற மாதிரி அனல் அடிக்கும். இப்போது முன்னாலிருந்து மட்டும்தான் அடித்தது. எனக்குச் சமையல்கட்டுத்தான் தெரியும். அங்கே எந்த அடுப்பு அணைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள யாரும் மவுண்ட் ரோடுக்குப் போவதில்லை. தோசைக்கல் காய்ந்ததா என்று எப்படிப் பார்ப்போம்? கூஜாவைத் திறந்து, விரலை நனைத்து முன் சிலிண்டர்மேல் தெளித்தேன். ‘சுர்ர்’ என்று பொரிந்து மறைந்தது. பின் சிலிண்டர்மேல் தெளித்தேன். சொட்டு அப்படியே வழிந்து, சாவகாசமாகக் கீழே இறங்கியது.

“ஏன்னா, இது ரெண்டும் ஒரே மாதிரி காயணுமோ?”

“ஆமாம். ரெண்டும்தானே எரியறது.”

“பின்னால இருக்கறது எரியலை.”

“உனக்கெப்படித் தெரியும்?”

மறுபடி தெளித்துக் காட்டினேன். சம்சாரம் தெளித்த தண்ணீர் சாட்சியத்துக்கு உதவாது என்பதுபோல் கூஜாவை வாங்கித் தாமே தெளித்தார். முன்னது சுர்ரென்றது. பின்னது வெறுமனே நனைந்தது. தொட்டுக்கூடப் பார்த்தார். முன்னதில் விரலைச் சுட்டுக்கொண்டு, பின்னதில் விரலை ஆற்றிக்கொண்டார். பெட்ரோல், புளியமரம், பங்க் ஆள் எல்லாரும் நிரபராதிகள். பாதி எஞ்சின் செத்துப்போயிருக்கிறது, அதுவும் பின் பாதி. இத்தனை வாரமாக எங்களுக்குத் தெரிய வந்த முதல் உண்மை அது.

“ஏன் செத்துதுன்னு கண்டுபிடிச்சிடலாம்” என்றார். வண்டிக்கு ஓய்வு கொடுத்து, கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடி ஓய்வு கொடுத்து, இப்படித் தவணை முறையில் மாம்பலம் போய்ச் சேர்ந்தோம்.

பால் பொங்கி முடிந்துவிட்டது. பக்கத்துக் கொத்தனார் குடிசையிலிருந்து ஓர் அலுமினியப் பாத்திரம் வாங்கிப் பொங்கவைத்திருந்தார்கள். நாத்தனார் வாசலிலேயே நின்றாள். நான் பானையை நீட்டினேன்.

“வெச்சுக்கோ. அடுத்த வீடு கட்டறப்போ கொண்டு வா” என்றாள்.

தம்பியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பி வழியில் எதையோ கண்டுபிடித்துவிட்ட உற்சாகத்தில் வேட்டி முழுக்க எண்ணெயோடு நின்றார். பானையை வாசலில் ஏந்திக்கொண்டு நின்றவள் நான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஹோமப் புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

நாத்தனாரின் வீட்டுக்காரர், இவருக்கு அத்திம்பேர், பொதுமராமத்து இலாகாவில் உத்தியோகம். பாலம், மதகு, மோட்டார், மாப்பிள்ளை எதுவானாலும் பார்த்த மாத்திரத்தில் கோளாறு சொல்வார். சாப்பாட்டுக்கு இலை போடும்வரை நேரம் இருந்ததால் விருந்தாளிகளையெல்லாம் கூட்டிக்கொண்டு வண்டியிடம் வந்தார்.

“பின் சிலிண்டர்தானே? மாக்னெட்டோ. சந்தேகமே வேண்டாம். பின்னால பொறி போகலை” என்றார். மாக்னெட்டோ என்பது மின்சாரப் பொறியை உண்டாக்குகிற பெட்டி. பின் பிளக்கிலிருந்து கம்பியைக் கழற்றி, அதன் முனையைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் மந்திரப்புஷ்பம் மாதிரி பிடித்துக்கொண்டார். “உதைடா, பார்க்கலாம்” என்றார் மைத்துனரிடம்.

இவர் உதைத்தார்.

அத்திம்பேர் பஞ்சகச்சத்தோடு அத்தனை உயரம் எம்பியதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ஹோமம் பண்ண வந்த வாத்தியார்களில் ஒருவர் ‘சிவ சிவா’ என்றார். பொறி போகிறது என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி எந்தப் பட்டறையிலும் கிடைக்காது. அத்திம்பேர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. கம்பியை மாட்டி, மாக்னெட்டோவின் தலையில் ஸ்பானரால் இரண்டு தட்டுத் தட்டி, “இப்போ பாரு” என்றார். எஞ்சின் அதற்குள் ஆறியிருந்ததால் ஒரே உதையில் இரண்டு சிலிண்டரும் பிடித்துக்கொண்டன.

“பார்த்தேளா!” என்று சபையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வெற்றி ஊர்வலத்துக்காகச் சைடுகாரில் ஏறி உட்கார்ந்தார். இருவரும் வீடு முளைக்காத புதுத் தெருக்களில் ஒரு சுற்றுப் போனார்கள். போகும்போது கேட்ட சத்தம் வேறு, வரும்போது கேட்ட சத்தம் வேறு. ‘டொக்... டொக்...’ என்று தெருமுனையில் திரும்பிய வண்டி, வாசலுக்குச் சற்று முன்னால் நின்றது. மீதி தூரத்துக்கு அத்திம்பேர் இறங்கித் தள்ளினார். விருந்தாளிகள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

வண்டியைக் கொல்லைப்புறம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அத்திம்பேர் கைகால் கழுவிக்கொண்டு பந்தியில் உட்காரப் போய்விட்டார். நான் மோர் கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். இவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு செங்கல் குவியல்மேல் உட்கார்ந்திருந்தார். எஞ்சினைக் கிளப்பத் திரும்பத் திரும்ப மிதித்ததில், உதைக்கிற கட்டை ஒருமுறை எதிர்த்து அடித்துவிட்டதாம், கால் வீங்கத் தொடங்கியிருந்தது.

“பொறி இருக்கு, பெட்ரோல் இருக்கு, அப்பறம் என்ன வேணும் அதுக்கு?” என்றார். என்னைக் கேட்கவில்லை, எஞ்சினைக் கேட்டார்.

“வேறென்ன வேணும்?” என்று நான் கேட்டேன்.

“அழுத்தம் வேணும். உள்ளே காத்து அடைபடணும். அடைபட்டா உதைக்கிற கட்டை கெட்டியா இருக்கும்.” சட்டென்று நிமிர்ந்தார். “நான் வேகமா உதைச்சுண்டே இருந்தேன், கவனிக்கலை. மெதுவா மிதிச்சுப் பார்த்தா தெரியும்... கால்தான்...”

நான் மோர்ச் சொம்பைக் கீழே வைத்தேன். மடிசாரைப் பற்றி ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், கால் வீசி ஏறவும் இறங்கவும் அதைப் போல ஓர் உடுப்பை எந்தத் துரையும் தைத்ததில்லை. இவர் பெட்ரோல் குழாயை மூடினார். நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு, கட்டைமேல் ஒரு காலை வைத்து, உடம்புப் பாரத்தை மெதுவாக இறக்கினேன்.

முதலில் கெட்டியாக இருந்தது. உரலில் ஊறாத அரிசியை ஆட்டுகிற மாதிரி எதிர்த்து நின்று, பிறகுதான் இறங்கியது. மறுபடி மிதித்தேன். ‘புஸ்’ என்று காலியாகப் போய்விட்டது. கால் வழுக்கி விழப் பார்த்தேன். மறுபடி கெட்டி. மறுபடி காலி.

“ஒண்ணு கெட்டி, ஒண்ணு புஸ்” என்றேன்.

“என்னடி இது கூத்து!” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நாத்தனார். கையில் பாயசக் கரண்டியோடு கொல்லைப்படியில் நின்றாள். “கிரகப்பிரவேசத்தன்னிக்கு, வாத்தியார்லாம் உக்காந்திருக்கறச்சே, ஆத்து மாட்டுப்பொண் கொல்லையில நின்னு உதைக்கறதா?”

எனக்கு ஏனோ காலையிலிருந்த பயம் போய்விட்டிருந்தது. “உதைக்கலை அக்கா, மிதிக்கறேன்” என்றேன். அவள் கரண்டியை ஆட்டிக்கொண்டே உள்ளே போனாள்.

இவர் மோரைக் குடித்தார். நான் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன். எஞ்சின் நன்றாக ஆறியிருந்தது. எதற்கும் பார்ப்போம் என்று மறுபடி கட்டையில் ஏறினேன். கெட்டி. மறுபடி மிதித்தேன். அதுவும் கெட்டி. எத்தனை முறை மிதித்தும் கெட்டியாகவே இருந்தது.

“ஏன்னா, இப்போ புஸ்ஸே இல்லை. சூடா இருந்தப்போ காலி, ஆறினப்பறம் கெட்டி.” பட்டறைக்காரனுக்கு ஏன் ஒன்றும் அகப்படவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. “சூட்டுல என்ன ஆகும்?”

“இரும்பு நீளும்.”

“உள்ளே எது நீண்டா காத்து ஓடிப்போகும்?”

இவர் யோசித்தார். “வால்வுன்னு ஒண்ணு இருக்கு. கதவு மாதிரி. அதுக்கு ஒரு தண்டு. வெளியில ஆறினாலும் அது உள்ளே கொதிச்சுண்டிருக்கும். தண்டைக் கீழேர்ந்து ஒரு குச்சி தள்ளினா கதவு திறக்கும், விட்டா மூடும். தண்டு ரொம்ப நீண்டுதுன்னா குச்சிமேலயே நின்னுடும். கதவு முழுக்க மூடாது.”

“நீளறதுக்கு எடம் விட்டிருக்க மாட்டாளோ?”

“விட்டிருந்தா. தண்டுக்கும் குச்சிக்கும் நடுவுல துளி இடைவெளி இருந்தது.”

“இருந்ததுன்னா?”

இவர் எதிர்க்கட்சி வக்கீலிடம் தம்முடைய சாட்சியே உளறிவிட்ட மாதிரி என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஸ்பானரைப் பார்த்தார்.

“அந்த இடைவெளி இருந்தா டிக்டிக்னு சத்தம் வரும்” என்றார் மெல்ல.

நான் சிரிக்கவில்லை. அன்று முழுவதும் நான் செய்த காரியங்களில் கஷ்டமானது அதுதான். முன் சிலிண்டரிலும் இவர் கைவைத்திருந்தார். அங்கே ஸ்பானர் சரியாக நுழையாததால் துளி இடைவெளி மிஞ்சி அது பிழைத்தது. பின்னதில் தாராளமாக நுழைந்திருக்கிறது.

பக்கவாட்டு மூடியைத் திறந்து, திருகைத் தளர்த்தினார். எத்தனை இடைவெளி விடுவது என்று ஒரு கேள்வி வந்தது. அளக்க ஏதாவது மெல்லிசாக வேண்டும் என்றார். சட்டைப்பையில் தம் பெயரும் பட்டமும் அச்சடித்த விசிட்டிங் கார்டுகள் வைத்திருப்பார். அச்சடித்த நாளிலிருந்து ஒன்றுகூடக் குறைந்ததில்லை. அதில் ஒன்றைத் தண்டுக்கும் குச்சிக்கும் நடுவே செருகி, அது நுழைந்து வருகிற அளவுக்குத் திருகை நிறுத்தினார். அந்தக் கார்டுக்கு அன்றைக்குத்தான் முதல் உபயோகம் கிடைத்தது.

திரும்பிப் போகும்போது மவுண்ட் ரோடைத் தாண்டினோம், தேனாம்பேட்டைக் கல்வெர்ட்டைத் தாண்டினோம், லஸ் முனையைத் தாண்டினோம். எஞ்சின் தையல் மிஷின் மாதிரி பேசிக்கொண்டே வந்தது. என் வலது கைப்பக்கம் இரண்டு அடுப்பும் எரிந்தன. மேடு பள்ளம் வந்த இடங்களில் இவர், முன்பெல்லாம் இல்லாத வழக்கமாக, நிதானமாக ஓட்டினார். அதை நான் ஒரு மன்னிப்பு மனுவாக ஏற்றுக்கொண்டேன்.

அந்த மனு மறுநாள் கோர்ட்டுக்குப் போவதற்குள் திருத்தப்பட்டுவிட்டது. வக்கீல்கள் உட்காரும் கூடத்தில் இவர் சொன்ன கதை எதிர் வீட்டு மாமி வழியாக எனக்கு வந்து சேர்ந்தது. அதில் இவர் தண்ணீரைத் தெளித்தார். இவர் கட்டையை மெதுவாக மிதித்தார். சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தை இவர் கண்டார். எனக்கும் ஓர் இடம் இருந்தது. கூஜா எடுத்துக் கொடுத்தேன். மாம்பலத்தில் அத்திம்பேர், தாம் மாக்னெட்டோவைத் தட்டியதால்தான் சரியானது என்று சொல்லிக்கொண்டிருந்தார். இருவரும் நேரில் சந்திக்கும்போது இதைப் பற்றி மட்டும் பேசிக்கொள்ள மாட்டார்கள். இதன் பிறகு மோட்டார் சைக்கிள் வைத்திருந்த வக்கீல்களும் ஒரு டாக்டரும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வாசலுக்கு வண்டியோடு வரத் தொடங்கினார்கள். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எஞ்சினைச் சுற்றி வருவார். நடுவில் உள்ளே வந்து, “கெட்டியும் இல்லாம காலியும் இல்லாம நடுவாந்தரமா இருந்தா என்ன அர்த்தம்?” என்று காதோடு கேட்பார். எனக்கும் தெரியாது. “கொஞ்சம் ஆறட்டும்னு சொல்லுங்கோ” என்பேன். வெளியே போய் அதையே கம்பீரமாகச் சொல்வார். காபி குடித்து முடிப்பதற்குள் பாதி வண்டிகள் தாமே சரியாகிவிடும்.

நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வர இரண்டு மாதமாயிற்று. வெண்கலப் பானையை வாங்கிப் போக வந்ததாகச் சொன்னாள். அடுத்த வீடு கட்டும்வரை பொறுக்கவில்லை போலிருக்கிறது. இவர் உள்ளே ஒரு கட்சிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். வந்தவர் நிஜமாகவே கட்சிக்காரர்தான், அன்று வீடே அந்த அதிர்ச்சியில் இருந்தது. நாத்தனார் காபியைக் குடித்துவிட்டு, முற்றத்தில் நின்ற வண்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“ஏண்டி, அன்னிக்கு எதையோ மிதிச்சியே, அது எங்கே இருக்கு?”

காட்டினேன்.

“யாரும் வரலையே?”

“வரலை அக்கா.”

கட்டைமேல் காலை வைத்து ஏறினாள். என்னைவிடப் பாரமான உடம்பு. பெட்ரோல் குழாய் திறந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரே மிதியில் எஞ்சின் ‘பட பட’ என்று கிளம்பிவிட்டது. அவள் அலறிக்கொண்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டபடியே சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. உள்ளேயிருந்து இவர் ஓடிவந்தார், பின்னாலேயே கட்சிக்காரரும்.

சாயங்காலம் அவள் ஜட்கா வேண்டாம் என்றாள். பானையை மடியில் வைத்துக்கொண்டு சைடுகாரில் உட்கார்ந்தாள். “தெருமுனையிலேயே எறக்கி விட்டுடுடா. உங்க அத்திம்பேர் பார்த்தா அவ்வளவுதான்” என்று தம்பியிடம் சொன்னாள். அப்படியே செய்ததாக இவர் திரும்பி வந்து சொன்னார். அத்திம்பேர் அன்றைக்குப் பார்த்து அந்தத் தெருமுனையில்தான் வெற்றிலை வாங்கிக்கொண்டு நின்றாராம்.